நாலு விரல்

பர்கூர்க் குவாரியில் எடைக்குப் போட்டார்கள்.
எடைக்குத்தான் வாங்கினேன். கிலோ முப்பத்தொன்று.
எழுபத்தேழாம் வருடத்து மகேந்திரா பிக்கப்,
ஒரு கதவு, ஒன்றரைக் கண்,
ஸ்டியரிங் இருந்த இடத்தில் குருவிக்கூடு.
பழையபேட்டையில் இறக்கியபோது
நஞ்சுண்டன் பில்லைப் படித்துவிட்டுக் கேட்டார்:
"துருவையும் சேர்த்தா எடை போட்டான்?"

எங்கள் கார் ஷெட்டில் கார் இருந்ததில்லை.
அவருடைய டிவிஎஸ் இருந்தது.
அன்றிலிருந்து அது வேப்பமரத்தடியில்,
சீட்டெல்லாம் காக்கை எச்சம்.
அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.
தினமும் காலையில்
சத்தமாகத் துடைக்கிறார்.

ஓசூரில் எனக்குத் தரச் சோதனை வேலை.
மைக்ரான் கணக்கு.
ஒரு மயிரை எட்டாகப் பிளந்து
அதில் ஒரு துண்டு அளவு தப்பினாலும்
பெட்டியோடு திருப்பி அனுப்புவேன்.
ஷிப்ட் முடிந்து வந்தால் ராத்திரி வண்டிக்கு.

சேஸிஸைக் கவிழ்த்தோம்.
ஒரு படி கல்மாவு கொட்டியது.
சூடு மிச்சமிருக்குமோ என்று
கை வைத்துப் பார்த்தேன்.

ஒரு ஸ்பிரிங் போல்ட் பதினொரு நாள் அசையவில்லை.
டீசல் ஊற்றினேன். நெருப்புக் காட்டினேன்.
திட்டினால் கழலும் என்றான் வெல்டர் ஜபீர்.
அவன் உருதில், நான் தமிழில்,
பக்கத்து லேத்துக்காரன் தெலுங்கில்.
பன்னிரண்டாம் நாள் யாரும் தொடவில்லை.
களி கிண்டிக்கொண்டிருந்தேன்.
ஷெட்டுக்குள்ளிருந்து
டக்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க
நீலத்துக்குக் கீழே மஞ்சள்,
மஞ்சளுக்குக் கீழே பஞ்சாயத்துப் பச்சை,
அதற்கும் கீழே தூரிகையால் எழுதிய வெள்ளை:
'...சாமி மா மண்டி, போன் 62.'
எந்தச் சாமி?
சந்தையில் விசாரித்தேன். ஏழு சாமி சொன்னார்கள்.
அன்று ராத்திரி செல்போனில் ஆறும் இரண்டும் அழுத்தினேன்.
நீங்கள் அழைத்த எண் சரியல்ல என்றாள் ஒருத்தி,
ரொம்ப மரியாதையாக.
அந்த ஒரு சாண் தகரத்துக்கு மட்டும்
பெயின்ட் இல்லை, வெறும் கிளியர் கோட்.

மற்றபடி எல்லாம் என் இஷ்டம்.
இன்ஜின் சேலம் போய் போர் போட்டு வந்தது.
ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூட்டினேன்.
டயர் அகலம். நிறம், பழுக்காத நாவல்.
பின்னால் ஜபீர் வளைத்த இரும்புச் சட்டம்,
உச்சியில் நாலு விளக்கு.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை,
நாலாவது திருகலில் பிடித்தது.
புகைக்குள் ரிவர்ஸ் போட்டேன்.
சட்டம் வாசல் நிலையில் முட்டி நின்றது.
இறங்கி, கையை வைத்து அளந்தேன்.
நாலு விரல்.
நஞ்சுண்டன் வெளியே வந்தார், மேலே பார்த்தார்.
"மைக்ரான்" என்றார்.
அவ்வளவுதான்.

ஜபீர் அதற்குள் கட்டரைத் தேட ஆரம்பித்திருந்தான்.
அதட்டினேன்.
நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கினோம்:
இரண்டு விரல் கிடைத்தது.
மிச்சம் இரண்டு.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
முதலில் ஏறியது நஞ்சுண்டன்.
பிறகு எதிர்வீட்டு லூர்துமேரி டீச்சர்,
அவள் பையன்கள், அவர்கள் டியூஷன் கூட்டம்,
கடைசியில் மாவுமில் பசவராஜ்.
அவர் உட்கார்ந்ததும் ஒரு விரல் மொத்தமாக இறங்கியது.
அதை அவர் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் தலையைக் குனியுங்கள் என்றேன்.
கிளட்சை நூல் நூலாக விட்டேன்.
ஒரு விளக்கின் கண்ணாடி மட்டும் கீறியது.
மற்றதெல்லாம் வெயிலுக்கு வந்தது.

"வந்தாச்சு, இறங்குங்க."
யாரும் இறங்கவில்லை.
டீச்சர் முந்தானையைச் செருகிக்கொண்டாள்:
"காத்தடிக்கப் போகணும் இல்ல?"

ரவுண்டானா பக்கத்துப் பங்க்குக்கு
மாட்டு நடையில் போனோம்.
தர்மபுரி பஸ் ஒன்று பின்னாலேயே
ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.
பையன்கள் அதற்குக் கையாட்டினார்கள்.
ராத்திரி எப்படி உள்ளே விடுவது என்று
யாருமே கேட்கவில்லை.
தெரு திரும்பும்வரை நஞ்சுண்டன் மட்டும்
காலியான ஷெட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.
அதன் அளவு அவருக்குத் தெரியும்.