வரம்பு

மூன்று நாளாய்க் கணக்கு பூட்டிக் கிடக்கிறது.
‘உங்கள் வரம்பு நிறைந்துவிட்டது’ என்றது போன்,
அதுவும் கார்த்திகை முகூர்த்த வாரத்தில்,
எழுபது பார்சல் கட்டி அடுக்கிய பிறகு.

காதர்பேட்டையில் கிலோ கணக்கில் எடுத்த குழந்தை பனியன்.
ஒரு பக்கம் தையல் பிசகியது, சாயம் முந்தியது,
எந்தத் துறைமுகத்துக்கோ போகக் கிளம்பி
பாதியில் நின்றுபோனது.
நூல் வெட்டி, தேய்த்து,
மகனைப் போட்டோவுக்கு நிறுத்தி
ஒன்று நூற்று நாற்பத்தொன்பது,
மூன்றாய் எடுத்தால் முந்நூற்றைம்பது.

ஆடிட்டர் ஆபீஸ் புஷ்பா தியேட்டர் பக்கம், மூன்றாம் மாடி.
ஆடிட்டரையே பார்க்கும் அளவுக்கு நான் வளரவில்லை,
என் ஃபைல் கார்முகிலன் என்ற பையனிடம்.
“பத்தொம்பது லட்சத்துச் சில்லறை வந்திருக்குதுங்க்கா.”
சிரித்துவிட்டேன்.
“எனக்கா?”
“உங்க கணக்குலீங்க்கா.”

வந்ததுதான் தம்பி.
வாய்க்காலில் தண்ணிகூடத்தான் வருகிறது,
கடைமடைக்காரிக்குக் கால் நனைந்தால் பெரிது.
துணிக்குப் போனது, கூரியருக்குப் போனது,
போட்டோவில் மஞ்சள் நேரில் வெளிறல் என்று திரும்பியது.
மைனாவதியின் ஏலச்சீட்டுப் பணம்
அவள் புருஷன் கண்ணில் படாமலிருக்க
என்னிடம் ஒரு ராத்திரி தங்கிப் போனது.
அதுவும் என் வருமானமா?
“பேப்பர் இருந்தாச் சொல்லுங்க்கா.”
மைனாவதியிடம் போய்ப் பேப்பர் கேட்கவா!

நாற்பத்திரண்டு பக்கம்.
அவன் படிக்கப் படிக்க நான் சொல்ல வேண்டும்.
விற்பனை. விற்பனை. திரும்பியது. கைமாத்து. விற்பனை.
என் ஒரு வருஷத்தை இதுவரை யாரும்
எனக்குப் படித்துக் காட்டியதில்லை.
ஜூனில் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டி மீதி எட்டு ரூபாய்.
ஆகஸ்டில் ஒன்பது நாள் ஒன்றுமே இல்லை.
டைஃபாய்டு.
அவன் கேட்கவில்லை, பக்கத்தைப் புரட்டினான்.

தீபாவளிக்கு முந்தின நாள். அறுபத்துமூன்று வரவு.
“முந்நூத்தம்பது. நூத்திநாப்பத்தொம்பது. முந்நூத்தம்பது.
ஆயிரத்தொன்னு.”
நிறுத்தினான்.
“எந்த பனியனுங்க்கா ஆயிரத்தொன்னு?”

பெயரைப் பார்த்தேன்.
இங்கிலீஷில், இனிஷியல் பின்னால் தொங்க,
வங்கி எழுதிய எழுத்தில்
எங்கண்ணன் யாரோ போல இருந்தான்.

சேவூரில் தோட்டம் பங்கு வைத்தபோது
ஒரு முழ வரப்புக்காக
‘இனி உன் வாசல் மிதித்தால் ஏன்னு கேளு’ என்றது
அவனா நானா, மூன்று வருஷத்தில் அது மறந்துவிட்டது.
சொன்னது மட்டும் நிற்கிறது.
நான் அவன் நம்பரை அழித்தேன்.
அவன் என்னுடையதை அழிக்கவில்லை போல.

அன்று அறுபத்துமூன்று முறை மணி அடித்திருக்கும் போன்.
எது அது?
நான் பல்லால் டேப் கடித்துக்கொண்டிருந்திருப்பேன்.
போன தீபாவளிக்கும் வந்திருக்குமோ?
அது வேறு ஃபைல்.

“கடனா, விற்பனையா, அன்பளிப்பாங்க்கா?”
சீர் என்று ஒரு கட்டம் அந்தப் பாரத்தில் இல்லை.
“சொந்தம்னா வரி வராதுங்க்கா.
அண்ணன் தம்பி குடுத்தது அப்படியே விட்டுருவாங்க.”
பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தான்.
“சொந்தங்களா?”

டீ வந்தது. ஆடை படிந்திருந்தது.
விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தேன்.
“எழுதிக்குங்க.”
“என்னன்னுங்க்கா?”
“உடன்பிறந்தான்.”

எழுத்துக்கூட்டி எழுதினான்.
அடுத்த வரி முந்நூற்றைம்பது, யாரோ செண்பகவல்லி.
விற்பனை என்றேன்.
இல்லை இல்லை, அது திரும்பி வந்துவிட்டது,
நாற்பத்தோராம் பக்கம் பாருங்கள்.