இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடையில்

பதினொரு இரவுகள்.
டொக்டர் விரல்விட்டு எண்ணிச் சொன்னதைக்
கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.
வெள்ளவத்தை என்றால் கிளினிக்குக்கு நடக்கலாம்.
கொள்ளுப்பிட்டி என்றால் ஓட்டோ.
ஓட்டோ என்றால் குலுங்கும்.
குலுங்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை,
நானாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

கடல் தெரியும் அறைக்கு
ஓரிரவுக்கு மூவாயிரத்தைந்நூறு கூட.
நாங்கள் திருகோணமலை ஆட்கள்,
கடல் பார்க்கக் காசு கொடுத்த கதை
ஊருக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள்.
ஊருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.
பல்லுக் கட்டப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்:
மாமியிடம் என் பல்,
அம்மாவிடம் இவருடைய பல்.

ஏழு ஹோட்டல்களுக்கு எடுத்தேன்.
லிஃப்ட் இருக்கா,
காலைச் சாப்பாடு ஏழுக்கு முன்னம் கிடைக்குமா,
சொல்கிற விலைக்குள் வரியும் சேவைக்கட்டணமும் அடக்கமா,
இரவு மெயிலில் வந்து
விடியப்புறம் கோட்டையில் இறங்கினால்
பகல் இரண்டு மணிவரை எங்களை எங்கே வைப்பீர்கள்.
பிறகு, யாருமில்லாத என் குசினியில்
ஏனோ குரலைத் தாழ்த்தி,
அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே போனால்
ஃப்ரிட்ஜ் நின்றுபோகுமா?

போன தடவை பம்பலப்பிட்டியில்
அதைக் கேட்கத் தோன்றவில்லை.
திரும்பிவந்து கதவைத் திறக்க
பட்டர் உருகி ஓடியிருந்தது.
பக்கத்தில், நீலப் பெட்டிக்குள்,
பார்வைக்கு எதுவும் ஆகாததுபோல் மருந்து.
ஒரு பேனை ஊசிக்கு எங்கள் மூன்று மாத வாடகை.
இவர் பாணுக்குப் பட்டர் பூசுவதை
அன்றோடு விட்டார்.

நான்கு பேர் "நிற்காது" என்றார்கள்,
கேள்வி முடியுமுன்னமே.
ஒருவர் நீச்சல் குளத்தின் நீளம் சொன்னார்.
ஒருவர், அப்படி என்னதான் வைக்கப் போறீங்கள் என்றார்.
ஏழாவதில் தில்ஹானி என்று ஒருத்தி
"பொறுங்கோ மெடம், பார்த்திட்டுச் சொல்லுறன்" என்று
போனும் கையுமாகப் போனாள்.
லிஃப்ட் மணி. செருப்புச் சத்தம். ஒரு கதவு.
எங்கோ கீழே கரையோரக் கோச்சி கடந்து போனது.
அட்டையை உருவுகிற சின்ன ஒலிகூடக் கேட்டது.
"நிக்குது மெடம்.
லைட்டும் நிக்குது, ஏசியும் நிக்குது,
ஃப்ரிட்ஜும் நிக்குது."

அங்கேயே பதிவு செய்தேன்,
பவித்திரன், இரண்டு பேர், கடல் தெரியாத பக்கம்.

இனி மிச்சம் எங்கள் பாடு.
இவர் பர்ஸைத் துழாவிக்
காலாவதியான நூலகச் சீட்டொன்றை எடுத்தார்.
சாவி அட்டையின் இடத்தில் இது நிற்கும் என்றார்.
நான் ஒரு வெப்பமானி வாங்கினேன்.
பின்சுவரோடு ஒட்டவைத்தால் உறையும்,
கதவுத் தட்டில் வைத்தால் சூடேறும்,
நடுத்தட்டில், அவர்களுடைய சோடாப் போத்தல்களை
அலுமாரிக்குள் இடம்மாற்றிவிட்டு.
இரவு எட்டரைக்கு அலாரம்.
இவர் கை நடுங்கினால் நானே குத்திக்கொள்வேன்,
அதையும் எழுதினேன்.
பாதுகாப்புப் பெட்டி, தண்ணீர்க் கேத்தல், நைட்டி மூன்று.

பில்லின் அடியில், கட்டவேண்டிய கடைசித் திகதிக்குக் கீழே,
இவருடைய சரிந்த எழுத்தில் ஒரு வரி கிடந்தது:
ஒரு இரவு மட்டும் கடல் பக்கம்.

எந்த இரவென்று கேட்டேன்.
நீயே சொல் என்று
கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.
கழுவிய கோப்பை அது.

எடுத்தேன். ஒன்பதாம் இரவு என்றேன்.
காரணமில்லை, வாயில் வந்தது.
"ஹனிமூனா மெடம்?"
இல்லை, பல்லுக் கட்ட.

அவள் சிரிக்கவில்லை.
விசைப்பலகை கொஞ்ச நேரம் தட்டுப்பட்டது.
பிறகு,
"அறைக்கு நான் ரெண்டு அட்டை தாறன் மெடம்.
ஒண்டை எடுக்காதீங்கோ,
அப்பிடியே இருக்கட்டும்."