முப்பத்தேழாவது சொல்

முதலில் எலுமிச்சைகளை எடுத்தேன்.
வெள்ளைப் படுக்கைவிரிப்பை நாற்காலி முதுகில் மாட்டி
ஒன்று, பாதி, பாதியோடு ஒன்று.
ஏழும் திரும்பி வந்தன.
உலகில் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை என்பதை
மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

பிறகு கெட்டில். அதன் வயிற்றில் கம்பெனிப் பெயர் தெரிகிறதாம்.
பிறகு துறைமுகம். கிரேனில் ஓர் எழுத்து.
பிறகு கடல்.
கடலில் எவர் பெயரும் இல்லை,
ஆனால் அடிவானம் ஒன்றரை டிகிரி சாய்ந்திருந்தது.
லியெபாயாவில் காற்று அடிக்கிற அடிக்கு
நாங்கள் நிற்பதே சாய்ந்துதான்.
இதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மனிதர்கள் விற்பார்கள் என்று படித்தேன்.
குறிப்பாகச் சிரிக்கிற மனிதர்கள்.
வீட்டில் இருந்த மனிதர் நான் ஒருத்திதான்.
பத்து நொடி டைமர் வைத்து ஓடிப்போய் உட்கார்ந்து
சாலட் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்தேன்,
நாற்பத்து நான்கு தடவை.
மூச்சிரைக்க ஒருத்தி
கீரையிடம் எதையோ கெஞ்சுவதுபோல் விழுந்திருந்தது படம்.
ராத்திரிக்கும் அதைத்தான் தின்றேன்,
வாடிப்போய், விளக்குச் சூட்டில் வெதுவெதுப்பாக.

அப்புறம்தான் மேல்மாடி ஓயார்ஸைக் கூப்பிட்டேன்.
உருக்காலை ஆள். அகலமான தோள்.
டை கட்டினால் மேனேஜர்.
பல் கிளினிக்கில் என்னை நிறுத்தியபோது
நான் திருப்பித் தராத வெள்ளைக் கோட்டை மாட்டினால்
டாக்டர்; பொத்தான் மட்டும் போட வராது.
மணிக்கு ஒரு பீர் என்று பேச்சு.
ஒப்புதல் படிவத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.
'உலகெங்கும், எக்காலத்துக்கும்' என்ற வரியைத் தொட்டுக் காட்டினேன்.
'அவ்வளவு நாள் இந்த மூஞ்சி தாங்காது, ஸைகா' என்றார்.

அன்று வெளிச்சம் நல்ல வெளிச்சம்,
முற்றத்துப் பனியில் பட்டுச் சன்னலுக்கு ஏறி வந்தது.
டாக்டர் முடிந்தார். மேனேஜர் முடிந்தார்.
லென்ஸ் மாற்றிவிட்டு நிமிர்ந்தேன்.
மேசை ஓரத்தில் உட்கார்ந்து
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
மூக்குத்தண்டை இரண்டு விரலால் பிடித்திருந்தார்.
ஃபோகஸ் சரியா என்று பார்க்கத்தான் அழுத்தினேன்.
சத்தம் கேட்டும் அவர் நிமிரவில்லை.

ஒரு படத்துக்கு ஐம்பது குறிச்சொல் வரை போடலாம்.
ஆண். நடுவயது. மேசை. சன்னல். குளிர்காலம்.
கை. விரல். விரல்கள்.
களைப்பு, தலைவலி, சைனஸ்.
சொல் தீர்ந்ததும் சுவரைப் பார்த்தேன்.
வரி. கடன். விவாகரத்து.
முப்பத்தேழாவதாக, வேலையிழப்பு.
யோசித்துப் போட்டதில்லை.
பெட்டியில் இடம் இருந்தது.

மூன்றாம் வாரம் விற்றது.
இருபத்தைந்து சென்ட்.
ஒரு தீப்பெட்டி வாங்கலாம், பாதி குச்சியோடு.
ஆனாலும் போனைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடினேன்.
செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி.
கதவைத் திறந்தவர் வீட்டுச் செருப்பில் நின்றார்.
பின்னால் அடுப்படி மேடையில்
உருக்காலைத் தலைக்கவசம் கவிழாமல் மல்லாந்திருந்தது,
உள்ளே வெங்காயம்.

'எப்போதிலிருந்து?'
'என்னை டாக்டர் ஆக்கினாயே,
அன்று காலையிலிருந்து.'

உள்ளே போய் உட்கார்ந்தோம். பீர் அவர் கொடுத்தார்.
படத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி,
கீழே இருந்த சொற்களை ஒவ்வொன்றாக
உதடு அசையப் படித்தார்.
முப்பத்தேழில் விரல் கொஞ்சம் நின்றது.
நான் அழித்துவிடுகிறேன் என்றேன்.
'அது கிடக்கட்டும்.
விவாகரத்தை எடுத்துவிடு.
இல்ஸே பார்த்தால் நிஜமென்று நினைப்பாள்.'

இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை விற்றிருக்கிறது.
ஏதோ ஒரு ஊரில் தலைவலி மாத்திரைக்கு,
எங்கோ ஒரு வங்கிக்கு.
பாதிப் பணம் அவருக்கு; அரை சென்ட் வரும்போதெல்லாம்
சண்டை போட்டு எனக்கே விட்டுவிடுகிறார்.

அன்று கிளம்புமுன்
தலைக்கவசத்தை வெங்காயத்தோடு ஒரு படம் எடுத்திருந்தேன்.
கூர்மை, வெளிச்சம், எல்லாம் சரி.
நேற்று திரும்பி வந்தது.
கம்பெனிப் பெயர் தெரிகிறதாம்.