இரண்டாவது வாந்தி

களக்காட்டில் எங்களிடம் எலும்புக்குத்தான் படம்.
மூளைக்கு என்றால் பாளையங்கோட்டை,
நாங்குநேரி வழியாக ஒரு மணி நேரம்,
அதுவும் வண்டி சும்மா நின்றால்.

ஆவுடைநாயகம், ஐம்பத்தெட்டு.
வாழைத்தார் ஏற்றுகையில் டிராக்டரிலிருந்து
மல்லாந்து விழுந்தவர்
பெஞ்சில் உட்கார்ந்து என்னை விசாரிக்கிறார்:
"எந்த ஊரும்மா நீ?"
கேள்வி கேட்க வேண்டியவள் நான்.
இன்று என்ன கிழமை?
"சனி. கூலி நாளுல்லா."
மத்தியானம் என்ன சாப்பாடு?
"கூட்டாஞ்சோறு. உப்பு கூட."
பேச்சித்தாய் முறைக்கிறாள்.
எங்கே விழுந்தீர்கள்?
"கீழதான்."

காதுக்குப் பின்னால் கறுப்பு இல்லை.
மூக்கில் நீர் இல்லை.
டார்ச்சுக்கு இரண்டு கண்பாப்பாவும்
ஒரே மாதிரி சுருங்குகின்றன.

வாந்தி?
"ஒரு தடவ," என்கிறார்.
"ரெண்டு," என்கிறாள். "ரெண்டாவது வெளிய, பைப்படியில."
"ஏட்டி, அது வெத்தல எச்சி."
முப்பது வருடக் குடும்பச் சண்டை
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறது.
ஒன்று என்றால் இங்கேயே வைத்துப் பார்க்கலாம்.
இரண்டு என்றால் அனுப்ப வேண்டும்.

ஐந்தரை வருடம் படித்துவிட்டு
செல்போன் வெளிச்சத்தோடு பைப்படியில் குந்தினேன்.
யாரோ குடம் கழுவிப் போயிருந்தார்கள்.
சிமெண்டில் கொஞ்சம் சிவப்பு.
அதன் ஓரம் ஒரு பருக்கை.
பருக்கை யாருடையது?

திரும்பி வந்தால் மஞ்சள் பை
கட்டிலில் கவிழ்ந்து கிடக்கிறது:
ரேஷன் அட்டை, திருச்செந்தூர் விபூதி,
ரப்பர் பேண்ட் போட்ட மாத்திரை அட்டைகள்.
"அவியளுக்கு நெஞ்சுல வால்வு வச்சாவல்லா, அதுக்கு."
ரத்தத்தை உறையவிடாத அந்தச் சின்ன மாத்திரை,
ஒருநாளும் தவறாமல்.
இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.
நான் பைப்படியில் குந்தியிருந்ததை
நூற்றெட்டு டிரைவர்
யாரிடமும் சொல்லாமலிருக்கட்டும்.

வண்டி போயாயிற்று.
படம் என்ன சொன்னாலும்
அது இனி பாளையங்கோட்டையின் கவலை.

சாயங்காலம் வந்த ஆசீர் வேறு.
இருபத்தாறு வயது, பணகுடிப் பக்கம் காற்றாலையில் வேலை,
கதவு நிலையில் முட்டிக்கொண்டவன்.
மயக்கமில்லை, வாந்தியில்லை, எல்லாம் ஞாபகம்,
முட்டிய கணம் வாயில் வந்த கெட்டவார்த்தை உட்பட.
"ஒரு படம் எடுத்துருவோம் டாக்டர்,
துட்டு எவ்வளவுனாலும் தாரோம்," என்றான் அண்ணன்.
வேண்டாம் என்றேன்.
தாளில் எழுதிக் கொடுத்தேன்:
வாந்தி எடுத்தால், உளறினால்,
எழுப்பி எழாவிட்டால், உடனே வரவும்.
எழுத்து புரியாதோ என்று
இன்னொரு தாளில் பெரிதாக.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

மணி நாலு.
கேட்டருகே ஒரு பைக் வேகம் குறைகிறது.
நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

பால் கேன் சத்தம்.