எடைமேடையில் நான்கு நொடி

போன ஆனி வரை
இந்த எடைமேடைக் கணினி
மணிக்கு இரண்டு முறை உறைந்துபோகும்.
நான்கு நொடி. சில நேரம் ஏழு.
நினைவகத்தில் சேர்ந்த குப்பையை அள்ள
எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுத்தான் இறங்கும்.
திரையில் 14,280 அப்படியே நிற்க
காவேரிப்பட்டணம் சாலை வரை லாரிகள் ஆரன் அடிக்கும்.
தார்ப்பாய்க்கு அடியில் பெங்களூரா மாங்காய் வியர்க்கும்.
"மேடம், உங்க பொட்டி திரும்பத் தூங்கிடுச்சு"
என்பார் திம்மராயன், பீடியைக் காதில் செருகியபடி.

பங்குனியில் மாற்றி எழுதினேன்.
இப்போது பெருக்குகிறவன் தனி ஆள்.
வேலை ஓட ஓடவே பெருக்குகிறான்,
உள்ளே கூழ் ஆலையில்
பெல்ட்டை நிறுத்தாமலே எல்லம்மா
கொட்டைகளை வழித்துத் தள்ளுவது மாதிரி.

மூன்று நிறம் அவனுக்கு.
இன்னும் பார்க்காதது வெள்ளை.
பார்த்தாயிற்று, அது யாரைப் பிடித்திருக்கிறது என்று
இன்னும் பார்க்கவில்லை என்றால் சாம்பல்.
அதுவும் முடிந்தால் கறுப்பு.
வேரில் தொடங்கிக் கை கையாகப் பற்றிப் போவான்.
சாம்பல் தீர்ந்த பிறகும் வெள்ளையாகவே கிடப்பதை
யாரும் பிடித்திருக்கவில்லை. அள்ளலாம்.

ஆனால் அவன் முடித்துவிட்டு நகர்ந்த கறுப்பு ஒன்று
அவன் முதுகுக்குப் பின்னால்
ஒரு வெள்ளையின் கையைப் பற்றிக்கொண்டால்?
உயிருள்ளதை அள்ளிவிடுவான்.
அள்ளினான்.
சித்திரை முதல் வாரம் இரண்டு ரசீதுகள்
இருந்த இடமே தெரியாமல் போயின.
மண்டிக்காரர் ஒருவர் என்னைத் திருடி என்றார்.
அன்று ராத்திரி உட்கார்ந்து காவல் போட்டேன்:
யார் யாரைப் புதிதாகப் பற்றினாலும்
ஒரு சீட்டில் குறித்து அவனிடம் கொடு.

கணக்கு எண் 611, சென்னப்பன்.
திம்மராயனின் தம்பி.
வைகாசியில் இரண்டாம் நடை இறக்கிவிட்டுத் திரும்பும்போது
பர்கூர் தாண்டி.
முந்நூற்று நாற்பது ரூபாய் பாக்கி நின்றது.
அந்த ஒரு நூல் போதும்.
ஒவ்வொரு சுற்றிலும் பெருக்குகிறவன் அதைப் பற்றிப் போய்
சென்னப்பனைத் தொட்டு,
சாம்பலாக்கி, கறுப்பாக்கி,
இருக்கிறான் என்று எழுதிவிட்டு வந்தான்.
எத்தனை ஆயிரம் முறை என்று பதிவேட்டில் பார்க்கலாம்.
நான் பார்க்கவில்லை.

இன்று திம்மராயன் கையெழுத்துப் போட்டு
பணத்தை எண்ணாமல் மடித்துக்கொண்டார்.
நூலை அறுத்தேன்.
"முடிஞ்சுதா மேடம்?"
இந்தச் சுற்றில் அவனை ஏற்கெனவே கடந்துவிட்டார்கள்.
அடுத்த சுற்று வரை யார் பிடியிலும் இல்லாமல்
அப்படியே இருப்பான்.
அதற்கு எங்கள் தொழிலில் ஒரு பெயர் உண்டு,
மிதக்கும் குப்பை.
"முடிஞ்சுதுண்ணா" என்றேன்.

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
நிற்கவில்லை.
அதற்குத்தானே அத்தனை ராத்திரி உட்கார்ந்தேன்.
அடுத்த லாரி மேடையில் ஏறியது.
எண் கொஞ்சம் ஆடியது.
அது லாரியின் ஆட்டம்.
11,960.
ரசீதைக் கிழித்து நீட்டினேன்.