அறுபத்து நாலு சி

லிங்கிச் செட்டித் தெருவில் மூன்றாம் மாடி.
லிஃப்ட் இருக்கிறது, ஓடாது.
எப்சிபா வேலையை விட்டுப் போன மறுநாள்
அவள் நாற்காலியும் அவள் கம்ப்யூட்டரும்
எனக்கு வந்தன,
விசைப்பலகை இடுக்கில் மாட்டிய
ஒரு துண்டு ஓமப்பொடியோடு.

திரையில் ஒரு படக்குறிகூட இல்லை.
கழுவிவிட்ட தரைபோல நீலம்.
எதைத் திறக்க எங்கே அழுத்துவது?
கோதண்டம் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ஏதோ நம்பர் அடிக்கும் அந்தப் பொண்ணு.
அடிச்சா வரும்."

ஜன்னல் படம் போட்ட விசை, கூடவே ஆர்.
மூலையில் சின்னப் பெட்டி ஒன்று திறந்து
என்ன வேண்டும் என்று கேட்டது.
தெரிந்தால் உன்னிடம் ஏன் வருகிறேன்.

மூன்று நாள் தேடி ஒரு ஃபோல்டரில் பிடித்தேன்.
பதினேழு குறுக்குவழிகள்.
பதினேழும் பஸ் நம்பர்.

இருபத்தொன்று ஜி என்றால் கஸ்டம்ஸ் மென்பொருள்.
தாம்பரம் வரை போகிற வண்டி,
ஏறியதும் உட்கார இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.
அதுவும் அப்படித்தான் திறக்கும்,
சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று.
பதினைந்து பி, கோயம்பேடு:
எந்தச் சரக்குக்கு எத்தனை சதவீதம் தீர்வை
என்கிற எக்செல்.
இருபத்தொன்பது சி-க்கும் இருபத்துமூன்று சி-க்கும்
ஒரே சீட்டாட்டம்.
இரண்டும் பெசன்ட் நகர்தானே போகிறது,
ஒன்றை விட்டால் இன்னொன்று.

நான் பஸ் ஆள் இல்லை.
பொன்னேரி. காலையில் ஏழு ஐந்து லோக்கல்.
எனக்கு இந்த நகரம்
தண்டவாளத்தில் கோத்து வைத்த ஊர்ப்பெயர்கள்.
சனிக்கிழமை மதியம், போன் அடங்கிய நேரம்,
பெயர் மாற்ற உட்கார்ந்தேன்.
கஸ்டம்ஸுக்கு எண்ணூர்.
தீர்வைக்கு மீஞ்சூர்.
மெயிலுக்கு அத்திப்பட்டு.
ஸ்கேனருக்கு அத்திப்பட்டு புதுநகரைச் சுருக்கிப் போட்டால்
இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்றது.
ரயிலிலும் இதே கதைதான்,
தூக்கக் கலக்கத்தில் மாற்றி இறங்கியிருக்கிறேன்.
சீட்டாட்டத்தை அழித்துவிட்டேன்.
(பொய். ராயபுரம் என்று வைத்தேன்.)

மிச்சம் அறுபத்து நாலு சி.
அதன் பாதையில்
ஒரு சாய்கோடு, எஸ். ஒரு சாய்கோடு, எஃப்.
கடைசியில் ஒரு பூஜ்யம்.
ஒன்றும் விளங்கவில்லை.
அடித்துத்தான் பார்ப்போமே.

தைவான் திருகாணி, நாற்பதடி கன்டெய்னர்,
பின்னால் பாதி அடித்து வைத்திருந்த பில் ஆஃப் என்ட்ரி,
எதையும் கேட்கவில்லை, சொல்லவில்லை,
திரை இருண்டது.
உள்ளே சுற்றிக்கொண்டிருந்த குட்டி விசிறி
மூச்சைத் தளர்த்தி நின்றது.
கறுப்புக் கண்ணாடியில்
வாயைத் திறந்தபடி நான்.

போன் போட்டேன்.
காட்டுப்பள்ளியிலிருந்து எப்சிபா, பின்னால் கிரேன் இரைச்சல்.
"ஐயையோ, அதை அடிச்சிட்டீங்களா?
அது மணலி வண்டிக்கா. எங்க வீட்டுக்கு.
அதுல ஏறிட்டா அன்னிக்கு வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."
அவள் சிரித்தாள்.
முதல் திருகாணியிலிருந்து மறுபடி அடிக்க வேண்டியவள்
சற்றுத் தாமதமாகச் சிரித்தேன்.

திங்களன்று கோதண்டம் சார்
என் தோளுக்கு மேலே குனிந்து
ஒற்றை விரலால் இருபத்தொன்று ஜி தட்டினார்.
ஏதோ நம்பர் என்றவர்.
கிடைக்கவில்லை, பெயரைச் சரிபார்க்கவும்.
"என்னம்மா, சர்வீஸை நிறுத்திட்டாங்களா?"

இப்போது இரண்டு பெயருக்கும் திறக்கிறது.
அவருக்குத் தாம்பரம், எனக்கு எண்ணூர்,
நடுவில் அதே கஸ்டம்ஸ், அதே சுற்றல்.

அறுபத்து நாலு சி-யை மட்டும் தொடவில்லை.
ஆறு பத்து.
டிபன் பாக்ஸ் பையில், குடை கக்கத்தில்,
நின்றபடியே அடிக்கிறேன்.
நான் பீச் ஸ்டேஷனுக்கு நடக்கிறேன்.
கம்ப்யூட்டர் மணலிக்குப் போகிறது.