வேர் சிகிச்சை

குப்பையறையில், அட்டைகளுக்கான தொட்டி விளிம்பில்
யாரோ அதை வைத்துப் போயிருந்தார்கள்,
எறிய மனமில்லாமல்,
வைத்துக்கொள்ளவும் மனமில்லாமல்.
இரண்டே இலை. இரண்டும்
நாளெல்லாம் நனைந்த கையுறைபோல்
தொளதொளவென்று.
காய்ந்த பூந்தண்டில் இன்னும்
அறுபது விழுக்காடு தள்ளுபடியின்
சிவப்பு வில்லை.

இரவு முழுக்க ஊலு நகரத் தெருக்களில்
பனி தள்ளிவிட்டு வந்திருந்தேன்.
காலை ஆறு மணி,
பூச்சியத்துக்குக் கீழே இருபத்தாறு.
ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள்.
வாசல் கதவு திறக்கும்போது குளிர் அடிக்குமே என்று
ஜாக்கெட்டுக்குள் வைத்து
மேல்வரை ஜிப் போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் மாடி துயிரே
பல் மருத்துவமனையில் உதவியாளர்.
ஒரு பார்வைதான் பார்த்தாள்:
"செத்துப் போச்சு, ரைமோ."
சொன்னவள்
இடுக்கியும் சின்னக் கத்தரியும் எடுத்துக்கொண்டு
என் பின்னாலேயே படியேறினாள்.

சமையல் மேசையில் நாளிதழ் விரித்தோம்.
தொட்டியைக் கவிழ்த்ததும்
குளத்தடிச் சேற்று வாடை.
தொட்ட வேரெல்லாம் தோல் உரிந்து
வெறும் நூலாய் நின்றது.
"யாரோ ஞாயிறு தவறாமல் ஊற்றியிருக்கிறார்கள்.
பிரியமாகத்தான்" என்றபடி
கத்தரியை மெழுகுவத்திச் சுடரில் காட்டினாள்.
பதினேழில் மூன்று மிஞ்சின.
வெட்டிய வாய்களில் லவங்கப்பட்டைத் தூள் அடைத்தோம்;
சமையலறை சட்டென்று
ரொட்டிக்கடையாய் மணத்தது.
எங்கள் இருவருக்கும் பசித்தது.

அப்புறம்தான் அது அகப்பட்டது.
தண்டின் அடியில், வேர்களின் நடுவே,
பெருவிரல் அளவுக்கு ஒரு பஞ்சு.
நாற்றாய் இருந்தபோது பண்ணையில்
ஈரம் காக்கச் சுற்றியது.
சுற்றிலும் எல்லாம் காய்ந்தாலும்
தான் மட்டும் காயாமல்
இத்தனை நாளும் உள்ளிருந்தே அழுக வைத்திருக்கிறது.
துயிரே அதை இடுக்கியில் தூக்கி
விளக்குக்கு நேரே பிடித்தாள்.
வெகுநேரம் பிடித்திருந்தாள்.
அவள் மகன் தொலைபேசியை எடுப்பதில்லை என்பது
கட்டடத்துக்கே தெரியும்.
நான் காபி போட எழுந்தேன்.

வெள்ளிக்கிழமை ஏழு முதல் எட்டு வரை
பொதுச் சவுனாவில் என் முறை.
சூடு தணிந்த பின்
உடைமாற்றும் அறைப் பெஞ்சில்,
விரித்த துண்டின்மேல், அதுவும் என் பக்கத்தில்
ஆவி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.
எட்டு மணிக் குடும்பம் உள்ளே வந்து
வணக்கம் சொல்லும்,
எனக்கு மட்டும்.

ஜனவரியில் ஒன்றுமில்லை.
பிப்ரவரியில் ஓர் இலை மஞ்சளாகி
தானே கழன்று விழுந்தது.
படியில் எதிர்ப்பட்டால் துயிரே வாயால் கேட்பதில்லை,
புருவத்தால் கேட்பாள்.
நான் கையை விரிப்பேன்.

மார்ச் கடைசியில்
எஞ்சிய இலையின் கணுவில்
கடுகளவு பச்சை.
தெருவில் பனி உருகி ஓட, எனக்கு வேலை குறைய,
அது வேராய் நீண்டது.
பார்த்துப் பார்த்து நான் நிரப்பிய
மரப்பட்டைக்குள்ளும் பாசிக்குள்ளும் இறங்கவில்லை.
காற்றிலேயே நடந்து,
காய்ந்தால் வெள்ளியாய், நனைத்தால் பச்சையாய்,
சன்னல் பக்கம் திரும்பி,
திரையின் மூன்றாம் தகட்டை எட்டி,
தட்டையாகி, ஒட்டிக்கொண்டது.
ஒட்டியது ஒட்டியதுதான்.

இது ஜூன். இங்கே இப்போது இருட்டே வராது.
நள்ளிரவிலும் தகடுகளின் இடுக்கில்
வெளிச்சம் கோடுகோடாய்
என் தலையணைக்கு வருகிறது.
தகட்டைத் திருப்பினால் வேர் முறியும்.
பனிக்காலக் கம்பளிக் குல்லாயை
மூக்குவரை இழுத்துவிட்டுத் தூங்குகிறேன்.

நேற்று கரண்டி திருப்பித் தர வந்தவள்
கட்டிலில் குல்லாயைப் பார்த்தாள்,
சன்னலைப் பார்த்தாள்.
பூவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.
"கத்தரி கொண்டு வரட்டுமா?"
"குல்லாய் போதும்" என்றேன்.